சாமிமேட்டுக்காரி

யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் அக்கா அடுத்த காரியத்தைப் பார்ப்பாள். தெருக்கோடியில் கீரைக்காரி கூவினால், தன் அறைக்குள் உட்கார்ந்திருக்கிற இவள், "இன்னிக்கு வாணாம்மா, நாளைக்கு வா" என்பாள். அந்தக் குரல் கீரைக்காரிக்கு எட்டவே எட்டாது. பிச்சை கேட்டு வருகிறவர், பழைய கோணி வாங்க வருகிறவர், வீடு தெரியாமல் கதவைத் தட்டுகிறவர் எல்லாருக்கும் அவளிடம் பதில் உண்டு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால் அதற்கும் "தோ வந்துட்டேன்" என்பாள். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அவள் பதில் சொல்கிற வேகத்தைக் கவனித்தேன். யாரோ அடிக்கக் கை ஓங்கினதுபோல அப்படிப் பதறிச் சொல்வாள்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். தீப்பெட்டி ஆலை வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் அங்கே மெஷின் பழுது பார்ப்பவர். நான் பெட்டியில் குச்சி அடைக்கிற பகுதியில் இருந்தேன். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து குச்சி அடைத்தவள் அக்கா. வீட்டிலும் அவள் எங்களுக்கு அடுத்த அறை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். உயரமாக, எலும்பு தெரிகிற உடம்பு. ஊர் எது, மனிதர்கள் எங்கே என்று கேட்டால், "எனக்கு யாரும் இல்லமே, நான் ஒண்டிக்கட்ட" என்பாள். அதற்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவளிடம் வேறு சில விசித்திரங்களும் இருந்தன. வெள்ளைத் துணியைத் தொடமாட்டாள். கருஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணை அடிக்கிற நிறத்தில்தான் புடவை. ஒரு கண்ணாடித் துண்டைச் சுவரில் பதித்து வைத்திருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போதும் வந்ததும் அதில் முகத்தைப் பார்ப்பாள். அழகு பார்க்கிற பார்வை இல்லை அது. வீட்டில் வைத்துவிட்டுப் போன பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி.

அவள் கேட்டு மற்றவர் பதில் சொல்லாவிட்டால்தான் பெரிய பாடு. ஒரு நாள் மளிகைக் கடையில் முன்னால் நின்ற ஒரு பெரியவரிடம், "கொஞ்சம் நவுந்துக்கறியா தாத்தா" என்றாள். அவர் நகரவில்லை. மறுபடி கேட்டாள். அவர் திரும்பவில்லை. அக்காவின் கையிலிருந்த கிண்ணம் நழுவி விழுந்து எண்ணெய் முழுதும் தரையில் ஓடியது. கடைக்காரர், "அவுருக்குக் காது கேக்காதும்மா" என்று சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. பெரியவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, அவர் முகத்துக்கு நேராகப் போய், "நான் தெரியுறனா? என்னத் தெரியுதா?" என்று கேட்டாள். அவர் பயந்துபோய்த் தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் விட்டாள்.

இன்னொரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, அவ உள்ள கீறாளா?" என்று அக்கா கேட்டாள். இவர் விளையாட்டாகக் காதில் விழாததுபோல் இருந்தார். மூன்று முறை கேட்டாளாம். நான் வெளியே வந்தபோது அவள் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

"இன்னாக்கா இது?"

"கடிச்சுப் பாத்தேன். வலிக்குதுமே. அப்போ நான் கீறேன் இல்ல?"

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அப்புறம் அவர் அக்காவிடம் விளையாடினதே இல்லை. அவள் இருமினால்கூட, "சொல்லுக்கா" என்று கேட்டுவிடுவார்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் எங்கள் மேஸ்திரி ஒரு யோசனையோடு வந்தார். காணும் பொங்கலுக்கு எல்லாரும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள், நாம் புதிதாக ஓர் இடம் பார்ப்போம் என்றார். மீஞ்சூரில் இறங்கி வண்டியில் கிழக்கே போனால் சாமிமேடு என்று ஓர் ஊர். அங்கே இருக்கிறவர்கள் ஒரு சாமியாரின் வழி வந்தவர்கள். நிறம் ஏற்றாத வெள்ளைத் துணிதான் உடுத்துவார்கள். ரயில் ஏறமாட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கு கிடையாது, ஆமணக்கெண்ணெய்தான். நிலமெல்லாம் ஊருக்குப் பொது. சண்டை வந்தால் கோர்ட்டுக்கோ போலீசுக்கோ போகமாட்டார்கள்.

"நம்ம ஆலைத் தொரையோட சம்சாரம், துரைசானி, போய்ப் பாத்துட்டு வந்து அசந்து போச்சாம்" என்றார் மேஸ்திரி. "நெருப்புப் பெட்டியே தொட மாட்டாங்களாம். அம்மை குத்திக்க மாட்டாங்களாம். கண்ணாடி கூட வூட்ல கெடையாதாம். பொய் சொல்றதே இல்லியாம். சாமி மாதிரி மனுசங்க."

பெண்கள் எல்லாரும் சிரித்து, பேசி, சோறு கட்டிக்கொண்டு போவது பற்றித் திட்டம் போட ஆரம்பித்தார்கள். அக்கா குச்சி அடைப்பதை நிறுத்திவிட்டாள். அவள் கை பெட்டியின்மேல் அப்படியே இருந்தது.

"நீ வரியாக்கா?" என்றேன்.

எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை முடிந்து சங்கு ஊதி, நாங்கள் எழுந்து புடவையை உதறின பிறகுதான், "வரேன்" என்றாள்.

காணும் பொங்கலன்று காலை ரயிலில் ஏறினோம். மேஸ்திரி குடும்பம், நாங்கள் இருவர், இன்னும் நாலைந்து குடும்பங்கள், அக்கா. எண்ணூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பங்கழி நீர் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. மற்றவர்கள் கரும்பு கடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், கத்தாத" என்றாள். "அது என் ஊரு."

"எது?"

"சாமிமேடு. அங்க எனக்குப் பொண்ணு கீறா."

ரயில் சத்தத்துக்கு நடுவே, என் காதோடு வாய் வைத்து, அவள் சொல்லி முடித்தாள். பல வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் அம்மை வந்தது. சாமிமேட்டில் பல குழந்தைகள் போய்விட்டன. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. சர்க்கார் அம்மைகுத்துகிறவர் அடுத்த ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, விறகுக்குப் போகிறதாகச் சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டாள். புண் ஆறித் தழும்பு விழுந்தபோது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"அடிச்சாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. அங்க யாரும் யாரையும் அடிக்கறது இல்ல." "கண்ண எடுத்துட்டாங்க."

அப்படித்தான் அவர்கள் அதைச் சொல்வார்களாம். பெரியவர்கள் கூடி ஒருத்தியிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டால், அதற்கப்புறம் ஊரில் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அவள் பேசுவதைக் கேட்பதில்லை. பந்தியில் அவளுக்கு இலை இல்லை. அக்காவின் மடியிலிருந்து குழந்தையை அவளுடைய சொந்த அம்மாவே எடுத்துக்கொண்டு போனாளாம், பாயிலிருந்து எடுப்பதுபோல. புருஷன் அதே வீட்டில் அவளைச் சுற்றி நடந்து, அவள் உட்கார்ந்திருக்கிற பக்கமே திரும்பாமல் இருந்தான்.

"எத்தினி நாளுக்கா?"

"ஒரு மழைக்காலம் பூரா இருந்தேன். சோத்த நானா எடுத்துத் துன்னுவேன், யாரும் கேக்க மாட்டாங்க. அப்பால எனக்கே சந்தேகம் வந்துடுச்சிமே. நான் செத்துட்டனோ, அது எனக்குத் தெரியலியோன்னு. அன்னிக்கு நடக்க ஆரம்பிச்சவ, திருவொத்தியூர் வந்துதான் நின்னேன். ஒரு மீன்காரம்மா 'எங்கடி போற'ன்னு கேட்டா. அவ கால்ல வுழுந்து அழுதேன்."

மீஞ்சூரில் இறங்கியதும் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "வாணாம்க்கா, இப்டியே அடுத்த வண்டியில திரும்பிடலாம்" என்றேன்.

"ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன். என் கைய மட்டும் உட்டுடாத."

சாமிமேடு அழகான ஊர். அதைச் சொல்லத்தான் வேண்டும். பெருக்கித் தெளித்த தெரு, ஒரே அளவில் கூரை வீடுகள், நடுவில் பெரிய புன்னை மரம். எங்கும் கத்தல் இல்லை. வெள்ளைத் துணியில் ஆணும் பெண்ணும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். முறம் பின்னினார்கள், நெல் குத்தினார்கள். குழந்தைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தன. ஒரு பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். தாடி மார்புவரை இருந்தது. அவ்வளவு இதமான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. எல்லாத்தையும் பாருங்க, எங்க வேணாலும் போங்க. மொதல்ல மோர் குடிங்க."

புன்னை நிழலில் பாய் விரித்தார்கள். ஓர் இளைஞன் மோர்ப் பானையோடு வந்து கொட்டாங்கச்சியில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். என்னிடம் கொடுத்தான். எனக்கு அடுத்து அக்கா. அவளைத் தாண்டிப் போய் மேஸ்திரி மனைவியிடம் நீட்டினான். மேஸ்திரிக்கு ஒன்றும் தெரியாது. "தம்பி, அந்தம்மாவ உட்டுட்டியே" என்றார்.

இளைஞன் சிரித்தான். பெரியவரும் சிரித்தார். "எல்லாருக்கும் குடுத்தாச்சு ஐயா" என்றார்.

"அட, தோ குந்திகினு கீதே, செவப்புப் பொடவ…"

"எல்லாருக்கும் குடுத்தாச்சு."

குரலில் கோபமோ வெறுப்போ கொஞ்சமும் இல்லை. அதுதான் என் முதுகில் ஊர்ந்தது. மேஸ்திரி ஒருதரம் அவரைப் பார்த்தார், ஒருதரம் அக்காவைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா எழுந்தாள். என் கையைப் பிடித்திருந்ததால் நானும் எழுந்தேன். தெருவில் நடந்தோம். எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்க்காமல் வந்தார்கள். ஆனால் ஒருவர்கூட எங்கள்மேல் இடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாதென்றால் இடிக்க வேண்டும் அல்லவா? நன்றாகப் பார்த்தே, ஓர் அடி முன்னாலேயே ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"யம்மா. நான் வந்துகீறேன்."

முறம் ஏறி இறங்கியது. உமி பறந்து அக்காவின் மடியில் விழுந்தது.

"யம்மா, கெழவியாயிட்டியே. கண்ணு தெரியுதா ஒனக்கு? சோறு துன்றியா?"

அந்த அம்மாள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது கல்லுக்கு அவள் விரல் தேடியபோது முறத்தில் கல்லே இல்லை. இருந்தும் விரல் அரிசிக்குள் தேடிக்கொண்டே இருந்தது. "பாட்டிம்மா, உங்க பொண்ணுதான் வந்துகீறாங்க" என்றேன் நான். என் பக்கமும் அவள் திரும்பவில்லை. சற்றுமுன் மோர் கொடுத்த ஊர் இது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கிணற்றடியில் ஒரு சிறுமி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதிருக்கும். வெள்ளைத் துணியைத் தோளைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கயிற்றை இழுக்கக் கையைத் தூக்கியபோது துணி விலகியது. மேல்கையில் வட்டமான தழும்பு. அக்கா நின்றுவிட்டாள். என் விரல்கள் நொறுங்கிவிடும்போல இறுக்கினாள்.

"பாப்பா."

சிறுமி கயிற்றை இழுத்தாள்.

"பாப்பா, அம்மாடி. இங்க பாரு. ஒன்ன உட்டுட்டுப் போனவ வந்துகீறேன்."

தோண்டி மேலே வந்தது. சிறுமி அதைக் குடத்தில் சாய்த்தாள். பாதித் தண்ணீர் வெளியே ஊற்றியது. அவள் காதில் விழுகிறது, நன்றாக விழுகிறது. ஆனால் அந்தச் சின்ன முகம் கதவைச் சாத்தினதுபோல் இருந்தது. அதை யாரோ அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

அப்போது எங்கேயோ கட்டையில் கட்டை தட்டுகிற ஓசை கேட்டது. வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். ஓடாமல், பேசாமல், நாலு பக்கமிருந்தும் கிணற்றடிக்கு நடந்து வந்தார்கள். எங்களைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நின்று, எல்லாரும் ஒன்றாக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை முதுகு. உள்ளே அக்கா, அந்தச் சிறுமி, நான்.

வெளியே என் வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. "உள்ள என் சம்சாரம் மாட்டிகினு கீறா, வழி உடுங்கய்யா!"

பெரியவரின் இதமான குரல் பதில் சொன்னது: "உள்ள யாரும் இல்லியே ஐயா. பொழுதுக்குள்ள ரயிலப் புடிக்கணுமே, கிளம்புங்க."

அவளுக்குத்தான் கண்ணை எடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்திருந்ததற்காக நானும் போய்விட்டேன். இந்த வட்டம் திறக்காமலே இருந்துவிட்டால்? இவர் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்து, இவர்கள் இதே முகத்தோடு "யாரும் வரலியே" என்று சொன்னால்? பொய் சொல்லாத ஊர் என்று எல்லாரும் நம்புவார்களே? நான் அழ ஆரம்பித்தேன். "என்ன உட்டுடுங்க சாமி, நான் ஒண்ணும் பண்ணல" என்று அந்த முதுகுகளைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒரு முதுகும் அசையவில்லை.

அக்கா அழவில்லை. அவள் அந்த வட்டத்தை மெள்ளச் சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. என் காதருகே குனிந்தாள்.

"அழாத. இவங்களால நம்மளத் தடுக்க முடியாதுமே."

"இன்னாக்கா சொல்ற?"

"நான்தான் இல்லியே. இல்லாதவளை எப்டித் தடுப்பாங்க? தடுத்தா நான் கீறேன்னு ஆயிடும்."

சொல்லிவிட்டுக் குனிந்து சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்தக் குழந்தை கத்தவில்லை. உதைக்கவில்லை. இல்லாத ஒருத்தியிடம் எப்படிப் போராடுவது என்று அதற்குச் சொல்லித்தரவில்லைபோலும். உடம்பை விட்டுவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. அக்கா நேராக நடந்தாள்; நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு நெட்டையான ஆளின் முதுகுக்கும் ஒரு கிழவரின் முதுகுக்கும் நடுவே அவள் போனபோது அந்த நெட்டை ஆள் தானாக ஓர் அடி விலகினான். அவன் தோள் குலுங்குவதைக் கண்டேன். அவன்தான் குழந்தையின் அப்பன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

வண்டிகள் நின்ற இடத்தில் மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "யாரு புள்ளம்மா இது? இன்னா காரியம் பண்ற? என் வேலையே பூடும்!"

"என் புள்ள. வண்டிய ஓட்டச் சொல்லு."

வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்க எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. வண்டிக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வசவு இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. மணலில் அவர்கள் காலடிச் சத்தம் மட்டும். வண்டிக்காரன் மாட்டை அடித்து விரட்டினான். மாடு ஓடியபோது அவர்களும் வேகமாக நடந்தார்கள். கரும்பு கடித்துக்கொண்டு வந்த பெண்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் பாதை மேட்டுக்குக் கீழே வந்ததும் அவர்கள் நின்றுவிட்டார்கள். வரிசையாக நின்றார்கள். ரயில் வந்து, நாங்கள் ஏறி, அது கிளம்புகிறவரை அப்படியே நின்றார்கள். ரயில் அசைந்தபோதுதான் குழந்தை கண்ணைத் திறந்தது. ஜன்னல் வழியே அந்த வெள்ளை வரிசையைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த என் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டது. என்னைப் பற்றியது, தன்னைத் தூக்கி வந்தவளை அல்ல.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. யாரும் தேடி வரவில்லை. ஆனால் எங்கள் குடித்தனத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளை வேட்டி கட்டின எந்த ஆள் தெருவில் வந்தாலும் அக்கா கதவைத் தாழ்போட்டுவிடுவாள். அதைவிடப் பெரிய பயம் தாழ்போட்ட அறைக்குள்ளே இருந்தது. குழந்தை எங்களோடு பேசியது. என் வீட்டுக்காரரிடம் சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று கேட்டது. நான் ஊட்டினால் தின்றது. தாயை மட்டும் பார்க்கவில்லை. அக்கா தலை வாரிவிட்டால், காற்றுக்குத் தலை கொடுப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். "பாப்பா, பசிக்குதாம்மா?" என்பாள். பதில் இராது. "பாப்பா, அம்மாவத் தெரியலியா?" பதில் இராது. ஆலையிலிருந்து வந்தது முதல் படுக்கிற வரைக்கும் அவள் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லுவாள்.

"அக்கா, இப்டியே போனா உனக்குப் புத்தி பேதலிச்சிடும்" என்றேன் ஒரு நாள்.

"ஒரு ஊரே பண்ணதத் தாங்கினேன். இது சின்ன உசுரு, பண்ணிட்டுப் போவட்டும்" என்றாள். ஆனால் அவள் முன்கையில் புதிதாகப் பல் தடங்கள் இருந்தன.

ஆடி மாதம் வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். தெருவெல்லாம் கூட்டம். அக்கா, குழந்தை, நாங்கள் இருவர், எல்லாரும் கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றோம். கோயில் வாசலில் கூடை, முறம் விற்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் வெள்ளைத் துணி. நெட்டையான ஆள். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்க வேண்டும், கால் முட்டிவரை புழுதி.

நான் அவனைப் பார்ப்பதற்குள் குழந்தை பார்த்துவிட்டது. "நைனா!" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சு" என்றாள். ஓடினோம்.

குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. "நைனா, நான் ரயில்ல வந்தேன். நைனா, வூட்டுக்குப் போலாம்." அவன் முறங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரு குழந்தை தொங்குகிறபோது குனிந்து முறம் அடுக்குவது எவ்வளவு கஷ்டம்! அடுக்கினான். விலை கேட்ட ஒரு கிழவிக்கு விலை சொன்னான். குழந்தை அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. அவன் கண்கள் அதன் தலைக்குமேலே கோபுரத்தைப் பார்த்தன.

என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "யோவ், உன் பொண்ணுதானய்யா இது?" என்றார்.

அவன் பணிவாக அவரைப் பார்த்தான். "எந்தப் பொண்ணு ஐயா? இங்க பொண்ணு யாரும் இல்லியே."

குழந்தையின் கைகள் மெள்ளத் தளர்ந்தன. அது இறங்கி நின்று அவனை அண்ணாந்து பார்த்தது. எந்தக் காரியத்தை அது இத்தனை மாதம் செய்துகொண்டிருந்ததோ, அது என்னவென்று அந்த நிமிஷத்தில் அதற்குப் புரிந்தது. அந்தச் சின்ன முகத்தில் வந்த பயத்தை என்னால் எழுத முடியாது.

அக்கா அவன் முன்னால் போய் விழுந்தாள். தன் பெண் தனக்கே கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவள் அதை நினைக்கவே இல்லை. மண்ணில் முழங்காலிட்டு, அவன் துணியைப் பிடித்து உலுக்கி, கோயில் மேளத்துக்கும் மேலே கேட்கும்படி அலறினாள்.

"அவளப் பாரு! என்னப் பாக்க வாணாம், அவளப் பாரு! நான்தான் தூக்கியாந்தேன், அவ வரல! வேணும்னா கூட்டிகினு போ, என் புள்ளமேல இருந்து கண்ண எடுக்காத! பாருய்யா அவள!"

அவன் முறங்களைக் கயிற்றால் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. கட்டித் தலைமேல் தூக்கிக்கொண்டு, துணியை அவள் பிடியிலிருந்து முள்ளில் மாட்டினதை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்தான். அக்கா அவன் போன திசையைப் பார்த்து இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

குழந்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கூழ் பட்ட தன் சின்னக் கையை அவள் வாய்மேல் வைத்து மூடியது.

"கத்தாதம்மா," என்றது. "அவுருக்குக் கேக்காது."